அகவிலைப்படி கொடையன்று

ஆண்டுக்கு இருமுறை தமிழகச் செய்தித்தாள்களில் ஒரே வகையான தலைப்பு வெளிவருகின்றது. 'அரசு ஊழியர்க்கு இன்பச் செய்தி' என்றோ, 'முதல்வரின் பரிசு' என்றோ கொட்டை எழுத்துகளில் அச்சிட்டு, அதன் கீழ் அகவிலைப்படி இத்தனை விழுக்காடு உயர்த்தப்பெற்றது என்று எழுதுகின்றனர். மறுநாளே ஊழியர் அமைப்புகளின் தலைவர்கள் வரிசையில் நின்று ஆட்சியாளர்க்குப் பொன்னாடை போர்த்துகின்றனர். அப்படத்தைப் பார்க்கும் உழவரும் நெசவாளரும் கடைப் பணியாளரும் 'இவர்களுக்கு இன்னுமா?' என்று புழுங்குகின்றனர். கொடுத்தவர் வள்ளலாகவும், பெற்றவர் பேரவாக்காரராகவும், பெறாதவர் ஏமாந்தவராகவும் ஒரே நாளில் ஆக்கப்பட்டு விடுகின்றனர். இவற்றுள் மூன்றாவது மட்டுமே உண்மை. முன்னிரண்டும் பொய் என்பதையும், அம்மூன்றாவது உண்மையை ஊழியர் அமைப்புகள் ஏன் தம் சுமையாகக் கொள்ளல் வேண்டும் என்பதையும் இத்திங்கள் சொல்ல விரும்புகின்றோம்.

சொல்லிலிருந்து தொடங்குவோம். 'அகவிலை' என்பது நேற்று அலுவலகத்தில் ஆக்கிய சொல்லன்று. தவசத்தின் விலை என்பதே அதன் பழம்பொருள். ஒரு காலத்தில் 'கிராக்கிப்படி' என்று இந்துத்தானிச் சொல்லை ஒட்டவைத்தும், 'பஞ்சப்படி' என்றும் வழங்கிவந்ததைப் பின்னர் 'அகவிலைப்படி' என்று எழுதத் தலைப்பட்டனர். தூய தமிழ்ச்சொல் நடைமுறைக்கு ஒவ்வாது என்று இன்றும் பேசுவோர்க்கு இஃதொரு விடை. கையெழுத்திட மட்டுமே தெரிந்த கடைநிலை ஊழியரும் இச்சொல்லைத் தடுமாறாமல் ஆள்கின்றார். ஆயின், சொல் பரவிய அளவிற்கு அதன் பொருள் பரவவில்லை.

கூலி என்பது கூலத்தினின்று வந்தது. சம்பளம் என்பது சம்பும் அளமும், அஃதாவது நெல்லும் உப்பும், என்பது பாவாணர் காட்டிய பொருள். உழைத்தவனுக்கு முன்பு நெல்லாகவே அளந்தனர். அந்நாளில் நெல் விலை ஏறினும் இறங்கினும் அவன் பெற்ற மரக்கால் மரக்காலாகவே இருந்தது. காசாகக் கொடுக்கத் தொடங்கிய பின்னரே அக்காசு வாங்கும் நெல்லின் அளவு ஆண்டுதோறும் சுருங்கலாயிற்று. அச்சுருக்கத்தை நிரப்பக் கொடுப்பதே அகவிலைப்படி. இரண்டாம் உலகப்போரை ஒட்டி ஆங்கிலேய ஆட்சி இதைக் கொடுக்கத் தொடங்கிய காலத்தில் ஆங்கிலத்திலும் இதற்கு உணவு விலையேற்றப்படி என்னும் பொருளுடைய பெயரே இருந்தது. எனவே, இஃது ஊதிய உயர்வன்று. சென்ற ஆண்டு வாங்கிய அதே அரிசியையும் பருப்பையும் இவ்வாண்டும் வாங்குவதற்குரிய காசு, அவ்வளவே. அதையும் முழுமையாகக் கொடுப்பதில்லை என்பதைச் சற்றுப் பின்னர்க் காட்டுவோம்.

விலையேற்றமும் வேலைநிறுத்தமும் ஒன்றையொன்று தொடர்ந்து வருவன என்பதற்குத் தமிழகத் தொழிலாளர் வரலாற்றின் முதற்பக்கமே சான்று. முதல் உலகப்போரின் இறுதியாண்டாகிய 1918இல் சென்னையில் அரிசி விலையும் துணி விலையும் ஏழையின் கைக்கெட்டாமல் ஏறின. அவ்வாண்டு ஏப்பிரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா அதன் தலைவர், நம் திரு.வி.க. துணைத்தலைவர்களுள் ஒருவர். அவ்வாண்டு செப்டம்பரில் அதே சென்னையில் தவசக் கடைகள் சூறையாடப்பட்டன. ஒரே நகரில், ஒரே ஆண்டில், ஒரே விலையேற்றம் இருவழியாக வெளிப்பட்டது. ஒரு சாரார் அமைப்பாகத் திரண்டனர். ஒரு சாரார் கடைக் கதவை உடைத்தனர். வேலைநிறுத்தத்தை ஒழுங்கின்மை என்று இகழ்வோர் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். திரண்டு நின்று பேசும் வாயை அடைத்துவிட்டால் பசி அடங்கிவிடுவதில்லை.

இனி, அகவிலைப்படியை எவ்வாறு அளக்கின்றனர் என்பதைப் பார்ப்போம். இதனை ஊழியருள்ளும் பலர் அறியார்.

நடுவண் அரசின் தொழிலாளர் பணியகம், இந்தியா முழுவதிலும் 88 தொழில் நடுவங்களில் உள்ள 317 அங்காடிகளில் விலைகளைத் திரட்டித் திங்கள்தோறும் ஒரு குறியீட்டெண்ணை வெளியிடுகின்றது. தமிழகத்தில் சென்னை, கோவை, மதுரை, சேலம், குன்னூர் போன்ற சில ஊர்களே அதில் அடங்கும். பன்னிரண்டு திங்களின் எண்களைக் கூட்டி நிரவல் கண்டு, அந்நிரவல் அடிப்படை எண்ணாகிய 261.42ஐக் காட்டிலும் நூற்றுக்கு எவ்வளவு மிகுந்துள்ளதோ அவ்வளவு விழுக்காட்டை அகவிலைப்படியாகக் கொள்கின்றனர். ஏழாவது ஊதியக் குழுவின் வழி வந்த வாய்பாடு இது. விழுக்காட்டில் பின்னம் வந்தால் அப்பின்னத்தைத் தள்ளிவிடுகின்றனர். தில்லி அறிவித்த பின்னர்ச் சென்னை அதே விழுக்காட்டை அறிவிக்கின்றது. 2025 சூலை முதல் நாளிலிருந்து கணக்கிட்ட 58 விழுக்காடு அவ்வாறு வந்ததே.

இக்கணக்கில் ஒரு பள்ளம் உண்டு. சனவரி முதல் நாளிலிருந்து வழங்கும் படி, அதற்கு முந்திய சனவரியிலிருந்து திசம்பர் வரையுள்ள பன்னிரண்டு திங்களின் நிரவலைக் கொண்டது. அந்நிரவலின் நடுப்புள்ளி சூன் இறுதி. எனவே, நடைமுறைக்கு வரும் நாளிலேயே அக்கணக்கு ஆறு திங்கள் பழையது. அறிவிப்போ பெரும்பாலும் மார்ச்சில் வருகின்றது; பணம் கைக்கு வர இன்னும் ஒரு திங்கள் ஆகும். ஆகவே, ஏறத்தாழ ஒன்பது திங்களுக்கு முந்திய விலையைக் கொண்டு இன்றைய கடையில் பொருள் வாங்கச் சொல்கின்றனர். நிலுவை பின்னர் வரும் என்பர். கடைக்காரர் நிலுவை வைப்பதில்லை. வைப்பின் அதற்கு வட்டி உண்டு.

இன்னொன்று. இக்குறியீட்டெண்ணில் உணவிற்கென ஒதுக்கிய பங்கு, 2001 வரிசையில் நூற்றுக்கு ஏறத்தாழ 46ஆக இருந்தது. 2020இல் அடிப்படை ஆண்டை 2016க்கு மாற்றியபோது அப்பங்கு 39 அளவிற்கு இறங்கிற்று. குடும்பங்களின் செலவு முறை மாறியதை அளந்தே அவ்வாறு மாற்றினோம் என்று பணியகம் சொல்லும். அஃது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும், நிரவல் என்பது எவருடைய வீட்டுக் கணக்கும் அன்று. உயர் அலுவலர் வீட்டில் உணவுச்செலவு ஊதியத்தின் சிறு பகுதி. துப்புரவுப் பணியாளர் வீட்டில் அது பாதிக்கும் மேல். பருப்பு விலையும் எண்ணெய் விலையும் ஏறும்போது இருவர்க்கும் ஒரே விழுக்காட்டைக் கொடுத்துவிட்டு நிரப்பியாயிற்று என்றால், முன்னவர்க்கு நிரம்பியிருக்கும், பின்னவர்க்கு நிரம்பாது.

'படி' என்னும் சொல்லுக்கு முகக்கும் அளவை என்றும் பொருளுண்டு. தமிழக ஊழியரின் சோற்றை முகக்கும் படி வேறிடத்தில் இருக்கின்றது. நடுவண் அரசு ஊழியர்க்கு இணையான ஊதியம் என்பது இங்குள்ள ஊழியர் போராடிப் பெற்ற ஒன்று. அதனைக் குறைத்துப் பேச நாம் விரும்பவில்லை. ஆனால், அளவை வேறொருவர் கையில் இருப்பதன் கேடு, அவர் அளக்க மறுக்கும் நாளில்தான் தெரியும்.

அந்நாள் 2020 ஏப்பிரலில் வந்தது. கொரோனாப் பெருந்தொற்றைக் கரணியங்காட்டி, 2020 சனவரி, சூலை, 2021 சனவரி ஆகிய மூன்று தவணை அகவிலைப்படியையும் நடுவண் அரசு நிறுத்திவைத்தது. தமிழக அரசும் அதே ஏப்பிரலில் அவ்வழியே சென்றது. 2021 சூலையில் நடுவண் அரசு 17 விழுக்காட்டை 28 ஆக்கியது. இடைப்பட்ட பதினெட்டுத் திங்களுக்கு நிலுவை இல்லை என்றது. அதனால் மிஞ்சிய தொகை 34,402 கோடி உருபா என்று அவ்வரசே நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னது. தமிழக ஊழியர்க்கோ 17 விழுக்காடு 2021 திசம்பர் முடிய அப்படியே நின்று, 2022 சனவரி முதல் நாளிலிருந்துதான் 31 ஆயிற்று.

அடிப்படை ஊதியம் 20,000 உருபா வாங்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். முதல் ஆறு திங்கள் அவர்க்கு வரவேண்டியதில் நான்கு விழுக்காடு குறைவு. திங்களுக்கு 800 உருபா. அடுத்த ஆறு திங்கள் ஏழு விழுக்காடு, 1,400 உருபா. அதற்கடுத்து பதினொன்று, 2,200 உருபா. இறுதி ஆறு திங்கள் பதினான்கு விழுக்காடு, 2,800 உருபா. கூட்டினால் 43,200 உருபா. இரண்டு திங்கள் அடிப்படை ஊதியத்திற்கும் மேற்பட்ட தொகையை அவர் இழந்தார். அவ்விரண்டாண்டுகளில் மருத்துவமனையில் நின்றவர் யார், பிணத்தைத் தூக்கியவர் யார், தெருவில் மருந்து தெளித்தவர் யார் என்பதை நாம் நினைவூட்ட வேண்டுவதில்லை. நெருக்கடிக்காக ஈகஞ்செய்தோம் என்று அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. ஏனெனில், எவரும் அவர்களைக் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டார்கள்.

இதைவிட வெளிப்படையாகவே எடுத்துக்கொண்டதும் உண்டு. 1974ஆம் ஆண்டை மூத்தோர் மறந்திரார். கல்லெண்ணெய் விலை பன்மடங்காகி, நாட்டில் மொத்த விலைகள் ஆண்டுக்கு 20 விழுக்காட்டிற்கு மேல் ஏறிக்கொண்டிருந்த காலம். ஏறத்தாழ 17 இலக்கம் தொடர்வண்டித் தொழிலாளர்கள் சார்ச்சு பெர்னாண்டசு தலைமையில் மே 8ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கினர். அவரையோ மே 2ஆம் நாளே சிறைப்பிடித்துவிட்டனர். பல்லாயிரவர் சிறைப்பட்டனர், தொழிலாளர் குடும்பங்கள் குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றப்பட்டன, மே 27ஆம் நாள் வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது. அதோடு முடியவில்லை. அவ்வாண்டு சூலையில் ஓர் ஆணைச்சட்டம் வந்தது. புதிதாக உயரும் அகவிலைப்படியில் பாதியைத் தொழிலாளர் கையில் கொடாமல் கட்டாய வைப்பாகப் பிடித்துக்கொள்வது என்பதே அச்சட்டம். கையில் காசு இருந்தால் மக்கள் பொருள் வாங்குவர், வாங்கினால் விலை ஏறும் என்பது ஆள்வோரின் பொருளியல். பதுக்கல்காரன் கிடங்கில் கைவைப்பதைக் காட்டிலும் தொழிலாளியின் ஊதியப் பொட்டலத்தில் கைவைப்பது எளிது.

தமிழகத்திற்குத் திரும்புவோம். 2003ஆம் ஆண்டை நாம் விரித்துப் பேசியாகல் வேண்டும். அவ்வாண்டு செயலலிதா அரசு ஓய்வூதியப் பயன்களிலும் விடுப்புக்கு ஈடான பணத்திலும் கைவைத்தது. 2003 ஏப்பிரல் முதல் நாளுக்குப் பின் பணியிற் சேர்வோர்க்குப் பழைய ஓய்வூதியமே இல்லை, பங்களிப்பு ஓய்வூதியமே என்றும் ஆயிற்று. சூலை 2ஆம் நாள் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் தொடங்கினர். தலைவர்கள் முன்னரே சிறைப்படுத்தப்பட்டிருந்தனர். 'டெசுமா' என்று வழங்கும் இன்றியமையாப் பணிகள் காப்புச் சட்டம் 2002இலேயே இயற்றப்பட்டிருந்தது. அது போதாதென்று, சூலை 4ஆம் நாள் ஆணைச்சட்டம் ஒன்றும் பிறந்தது. ஒரே வீச்சில் ஏறத்தாழ 1,70,000 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். உசாவல் இல்லை, விளக்கம் கேட்கவில்லை. உலகில் எந்த அரசும் தன் ஊழியரை இவ்வளவு பெருந்தொகையில் இவ்வளவு குறுகிய பொழுதில் தெருவில் விட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

வழக்கு உச்ச முறைமன்றம் வரை சென்றது. டி.கே. அரங்கராசன் தொடுத்த அவ்வழக்கில் 2003 ஆகத்து 6ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்தஞ் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, அறவழி உரிமையும் இல்லை என்பது அத்தீர்ப்பு. குறையிருப்பின் அதற்கென அமைந்த வாயில்களின் வழியே தீர்த்துக்கொள்க என்பது அறிவுரை. அவ்வாயில் எவ்வாறிருந்தது? மாநில ஆட்சித் தீர்ப்பாயத்தில் அப்போது இருந்தவர் ஒரே ஒருவர். இத்தனை இலக்கம் பேர் வழக்கை ஒருவர் எவ்வாறு கேட்பார் என்று அதே தீர்ப்பில் முறைமன்றமே ஒப்புக்கொண்டிருக்கின்றது! வாயில் ஒன்று, அதில் நுழைய முடியாதென்பதும் தெரியும், ஆயினும் அவ்வாயில் வழியே செல்க என்பதே அறம் என்றால், அவ்வறத்தை நாம் என்னென்பது? சட்ட உரிமை உண்டா இல்லையா என்று சொல்வது முறைமன்றத்தின் வேலை, அதனை ஏற்கின்றோம். அறவழி உரிமை இல்லை என்று சொல்வதற்குச் சட்டப் பொத்தகத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டினர் என்பது மட்டும் நமக்கு விளங்கவில்லை. உழைப்பை விற்பவன் விலை கட்டாதபோது விற்க மறுப்பது, நெல் விற்பவன் மறுப்பதைப் போன்றதே. அம்மறுப்பும் இல்லையெனில் அது வேலையன்று, கொத்தடிமை.

மன்னிப்பு எழுதிக்கொடுத்தும் இனி வேலைநிறுத்தஞ் செய்யேன் என்று உறுதிமொழி கொடுத்தும் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். ஏறத்தாழ ஆறாயிரம் பேர் ஓய்வுபெற்ற நடுவர் மூவர் முன்னிலையில் தத்தம் வழக்கைச் சொல்லக் காத்திருந்தனர். 2004 மே திங்களில் நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்தது. ஆளுங்கட்சியின் கூட்டணி தமிழகத்தின் 39 தொகுதிகளிலும் தோற்றது. அதே திங்களில் ஊழியர் மேலிருந்த நடவடிக்கைகளைக் கைவிடுவதாக அறிவிப்பு வெளிவந்தது. முறைமன்றத்தில் கிடையாதது வாக்குப்பெட்டியில் கிடைத்தது என்று அன்று பலர் மகிழ்ந்தனர். பங்களிப்பு ஓய்வூதியமோ அப்படியே நின்றது. அதனை நீக்கக் கோரி 2019 சனவரியில் சாக்டோ-சியோ அமைப்பினர் ஒன்பது நாள் மீண்டும் வேலைநிறுத்தஞ் செய்யவேண்டியிருந்தது.

கருவூலத்தில் பணமில்லை என்பதே எல்லா ஆட்சியின் விடையும். ஊதியமும் ஓய்வூதியமும் வருவாயின் பெரும்பகுதியை விழுங்குகின்றன என்பதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், பணமில்லாமை ஆளுக்கேற்ப மாறுவதைத்தான் நாம் காண்கின்றோம். 2018 சனவரி 4 முதல் 11 வரை தமிழகப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் ஊதிய ஒப்பந்தத்திற்காகப் பேருந்துகளை நிறுத்தினர். அதே சனவரியில் சட்டமன்ற உறுப்பினர்களின் திங்கள் ஊதியத்தை 55,000 உருபாவிலிருந்து 1,05,000 உருபாவாக உயர்த்தும் சட்டவரைவு அவையில் நிறைவேறிற்று. அச்சனவரி 20ஆம் நாள் பேருந்துக் கட்டணமும் உயர்ந்தது. கருவூலம் வறண்டிருந்தது தொழிலாளிக்கு. அவ்வறட்சியைப் போக்க வரி கொடுத்தவர் பயணி. நடுவில் நனைந்தவர் யாரென்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இதுவரை ஊழியர் பக்கம் நின்று பேசினோம். இனி அவர்களோடு சில சொற்கள் பேசியாகல் வேண்டும். கசப்பாயிருப்பினும் பொறுத்துக்கொள்க.

2003இல் ஏறத்தாழ ஒன்றே முக்கால் இலக்கம் குடும்பங்கள் ஒரே நாளில் வாழ்விழந்தபோது தமிழக மக்கள் தெருவிற்கு வந்தனரா? வரவில்லை. பலர் வாய்விட்டே மகிழ்ந்தனர். 'நன்றாக வேண்டும்' என்று தேநீர்க் கடைகளில் பேசியதை நாமே கேட்டோம். ஓராண்டு கழித்து வாக்களித்தபோது இரங்கியிருக்கலாம்; அன்று இரங்கவில்லை. ஏன்? சாதிச் சான்றுக்கும் பட்டா மாற்றத்திற்கும் இறப்புச் சான்றுக்குங்கூடக் கையூட்டுக் கொடுத்தவன் எவ்வாறு இரங்குவான்? தன் தாய்மொழியில் எழுதிய விண்ணப்பத்திற்குப் புரியாத ஆங்கிலத்தில் மறுமொழி பெற்றவன், பலகணிக்கு வெளியே பகல் முழுதும் நிறுத்தி வைக்கப்பட்டவன், 'நாளை வா' என்னும் சொல்லைத் தவிர அரசிடமிருந்து வேறெதையும் கேட்டறியாதவன் எவ்வாறு தோள்கொடுப்பான்? ஊழியர் அனைவரும் அத்தகையோர் என்று நாம் சொல்லவில்லை. நேர்மையாளர் பலரை நாமறிவோம்; இவ்வேட்டைப் படிப்போருள்ளும் அவர்கள் உண்டு. ஆனால், நேர்மையற்றவர்மேல் ஊழியர் அமைப்புகள் எப்போதேனும் ஒரு விரலை உயர்த்தினவா என்பதே எம் வினா.

1908ஆம் ஆண்டுத் தூத்துக்குடியை எண்ணிப் பாருங்கள். கோரல் ஆலைத் தொழிலாளர்கள் பிப்பிரவரி 27ஆம் நாள் வேலையை நிறுத்தினர். ஆங்கிலேயர் ஆலை, ஆங்கிலேயர் ஆட்சி, வேலைநிறுத்தம் என்னும் சொல்லே ஊருக்குப் புதிது. வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றனர். ஊரார் நன்கொடை திரட்டி உணவளித்தனர். ஆலைக்குள் நின்ற வேலைக்கு ஆலைக்கு வெளியே இருந்தவன் சோறு போட்டான். பத்து நாளுக்குள் ஆலை முதலாளிகள் இறங்கிவந்து கூலியை உயர்த்தவும் வார விடுப்பளிக்கவும் இசைந்தனர். தனியார் ஆலையும் அரசு அலுவலகமும் ஒன்றல்ல என்பதை அறிவோம். அவ்வெற்றிக்காக வ.உ.சி. கொடுத்த விலையையும் அறிவோம். ஒரு கிழமைக்குள் அவர் சிறைப்பட்டார். ஆயினும், வென்றது ஆலைக்குள் இருந்தவரின் எண்ணிக்கையாலன்று, ஊரின் அடுப்பால் என்பது தெளிவு. 2003இல் எண்ணிக்கை இருந்தது; அடுப்பு இல்லை.

அவ்வடுப்பு ஏன் எரியவில்லை என்பதற்குக் கையூட்டு மட்டும் விடையன்று. அகவிலை எல்லார்க்கும் ஏறுகின்றது. அகவிலைப்படியோ தமிழகத்தில் ஆசிரியரும் ஓய்வூதியரும் உட்பட ஏறத்தாழ 16 இலக்கம் பேர்க்கே அரசு கொடுக்கின்றது. அதே அலுவலகத்தில், அதே பள்ளியில், அதே மருத்துவமனையில் தொகுப்பூதியத்திற்கும் ஒப்பந்தக் கூலிக்கும் வேலை செய்வோர் அக்கணக்கில் இல்லை. விந்தை என்னவெனில், தனியார் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்வோர்க்குக் குறைந்த அளவுக் கூலி வரையறுத்துத் தமிழக அரசு வெளியிட்டுவந்த ஆணைகளிலெல்லாம் அகவிலைப்படி உண்டு. அதுவும் சென்னை நகரக் குறியீட்டெண்ணை அடியாகக் கொண்டு ஆண்டுதோறும் உயர்வது. தாளில் உள்ள அது கையில் வந்ததா என்பதை எந்தக் கடைப் பணியாளரையும் கேட்டுப் பார்க்கலாம். அளவை ஒன்றை இங்கேயே செய்துகொள்ள இவ்வரசிற்குத் தெரியும் என்பதற்கும் அவ்வாணைகளே சான்று.

2025 ஆகத்து முதல் நாளிலிருந்து சென்னை மாநகராட்சியின் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சி மாளிகையின் முன்னே அமர்ந்திருந்தனர். பெரும்பாலோர் பெண்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரு மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாரிடம் விட்டதால், கையில் வாங்கும் ஊதியத்தில் ஆயிரக்கணக்கில் குறையும் என்று அஞ்சி வந்தவர்கள். பல ஆண்டுகளாக உழைத்தும் நிலைப்பணியில் சேர்க்கப்படாதவர்கள். தொழிலாளர்க்காகத் தம் வாழ்வில் பாதியைக் கொடுத்த ஒருவர் பெயரைத் தாங்கிய மண்டலத்திலிருந்து வந்து, பதின்மூன்று நாள் வெயிலிலும் மழையிலும் நடைமேடையிற் கிடந்தனர். 13ஆம் நாள் நள்ளிரவில் காவலர் அவர்களை அப்புறப்படுத்தினர். அவர்களுக்காக மாணவர் சிலர் வந்தனர். வழக்கறிஞர் சிலர் வந்து அவர்களோடு சிறையும் பட்டனர். நிலைப்பணியில் உள்ள இலக்கக்கணக்கான ஊழியர் அவர்களுக்காக ஒருநாள், வேண்டா, ஒரு மணி நேரம் வேலையை நிறுத்தியிருப்பின் ஆட்சியாளர் அந்நள்ளிரவை எண்ணியும் பார்த்திரார். நிறுத்தவில்லை. அறிக்கைகள் வந்தன.

ஆகவே, ஊழியர் அமைப்புகள் அடுத்து எழுதப்போகும் கோரிக்கைப் பட்டியலைப் பற்றிச் சிலவற்றைச் சொல்கின்றோம். தமிழக ஊர்களின் விலையைத் தமிழகமே அளந்து திங்கள்தோறும் வெளியிடல் வேண்டும். அவ்வெண் ஏறிய மூன்றாந் திங்களில் அறிவிப்பிற்கும் பொன்னாடைக்கும் காத்திராமல் படி தானே ஏறல் வேண்டும். 2020, 2021 ஆகிய ஈராண்டுகளின் நிலுவையைக் கேட்பதை விட்டுவிடலாகாது. கடைநிலை ஊழியர்க்கேனும் முதலில் அதைக் கொடுக்கச் செய்தல் வேண்டும். பட்டியலின் முதல் வரியில் தங்கள் ஓய்வூதியத்தை எழுதாமல், தங்கள் அலுவலகத்தையே பெருக்கும் ஒப்பந்தப் பணியாளர்க்கு அகவிலைப்படி என்று எழுதுக. இரண்டாம் வரியில், கடைகளுக்கும் உணவகங்களுக்குமான கூலி ஆணைகளை நடைமுறைப்படுத்தத் தொழிலாளர் துறையில் போதிய ஆய்வாளரை அமர்த்துக என்று எழுதுக. தங்கள் ஓய்வூதியம் மூன்றாம் வரியில் இருக்கட்டும். அவ்வாறு எழுதிய பட்டியலோடு வேலைநிறுத்தம் வரின், இவ்வேடும் இதன் அன்பர்களும் ஊழியர் பக்கம் நிற்போம். ஊரில் அடுப்பு மூட்டவும் வருவோம்.

அடுத்த அகவிலைப்படி அறிவிப்பு எப்படியும் வரும். அன்று கோட்டைக்கு எடுத்துச் செல்லும் பொன்னாடைகளை, நடைமேடையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட அப்பெண்கள் குடியிருக்கும் தெருக்களுக்கு எடுத்துச் செல்லுமாறு அவ்வமைப்புகளின் தலைவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.